விருந்துக்கு மறுநாள்

மலேசியர்களின் நாள்காட்டியில் விருந்துகளுக்குக் குறைவில்லை. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என ஒவ்வொரு பெருநாளும் திறந்த இல்ல உபசரிப்போடு வருகிறது. ஒரு வீட்டில் கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் காத்திருக்கும். இன்னொரு வீட்டில் முறுக்கும் அதிரசமும் நெய் உருண்டையும் தட்டு நிறைய வரும். இவற்றோடு திருமணம், காதணி விழா, பிறந்தநாள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டிற்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான பண்பாடு.

இதே நாட்டில்தான் உடல் எடை ஒரு பெரிய சுகாதாரச் சிக்கலாக வளர்ந்துள்ளது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023ஆம் ஆண்டில் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. அதிக எடை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு வழிவகுக்கிறது. ஆகவே, மருத்துவரின் அறிவுரைப்படி எடையைக் குறைக்க முயலும் ஒருவரையாவது இன்று பல குடும்பங்களில் காணலாம்.

எடையைக் குறைக்க முயல்பவர் எவரும் விருந்துகளிலிருந்து முற்றிலும் தப்ப முடியாது. வாரக்கணக்கில் அளவோடு உண்டு வந்தவர் ஒரு நாள் அளவை மீறிவிடுவது இயல்பு. உண்மையான சோதனை அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது. எடையைக் குறைக்கும் முயற்சி தொடருமா, கைவிடப்படுமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்குப் பிறகு எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தது.

நிறுவை காட்டும் எண்

விருந்துக்கு மறுநாள் காலையில் எடை பார்ப்பவர் பலர் திடுக்கிட்டுப் போகின்றனர். முந்தைய வாரத்தைவிட ஒன்று அல்லது இரண்டு கிலோகிராம் கூடியிருப்பதாக நிறுவை காட்டும். “ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் போய்விட்டதே!” என்று அவர்கள் மனம் சோர்கின்றனர். ஆனால், கூடிய எடை முழுவதும் கொழுப்பு அன்று. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, உப்பு. ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகவே, உப்பு உட்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விருந்துச் சமையலில் குழம்பு, வறுவல், ஊறுகாய், அப்பளம், முறுக்கு என எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. உப்பு மிகும்போது உடல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. கூடுதல் உப்பைச் சிறுநீரகங்கள் வெளியேற்றிய பின்னர் அந்த நீரும் வெளியேறுகிறது. இதற்குச் சில நாள்கள் ஆகலாம்.

இரண்டாவது, மாவுச்சத்து. சோறு, இனிப்பு, மாவுப் பலகாரம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் ஒரு பகுதியை உடல் ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 500 கிராம் கிளைக்கோஜனைச் சேமிக்க இடமுண்டு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. உணவைக் குறைத்திருந்த நாள்களில் இந்தச் சேமிப்பும் குறைந்திருக்கும். விருந்தன்று அது மீண்டும் நிரம்புகிறது. 300 கிராம் கிளைக்கோஜன் சேர்ந்தால் அதோடு 900 கிராம் நீரும் சேரும். இவ்விரண்டும் மட்டுமே 1.2 கிலோகிராம் ஆகிவிடும்.

மூன்றாவது, இன்னும் செரிமானமாகாமல் குடலில் இருக்கும் உணவு. அதற்கும் எடை உண்டு.

இம்மூன்றும் தற்காலிகமானவை. வழக்கமான உணவுக்குத் திரும்பியவுடன் அவை படிப்படியாகக் குறைந்துவிடும். எனவே, விருந்துக்கு மறுநாள் நிறுவை காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கலாகாது.

ஒரு வாரத்தின் கணக்கு

உண்மையில் எவ்வளவு கொழுப்புச் சேர்ந்திருக்கும் என்பதை எளிய கணக்கொன்றின் மூலம் அறியலாம். உடற்கொழுப்பு ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. எடை கூடாமலும் குறையாமலும் இருக்க, அலுவலக ஊழியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,200 கிலோகலோரி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எடையைக் குறைப்பதற்காக அவர் 1,800 கிலோகலோரி மட்டுமே உண்கிறார். ஆக, ஒவ்வொரு நாளும் 400 கிலோகலோரி மிச்சமாகிறது. ஏழு நாளும் இவ்வாறு உண்டால் வாரத்திற்கு 2,800 கிலோகலோரி மிச்சமாகும்.

அந்த வாரத்தின் வியாழக்கிழமை தீபாவளி. அன்று அவர் 3,500 கிலோகலோரி உண்டுவிடுகிறார். தேவைக்கு மேல் அவர் உண்டது 1,300 கிலோகலோரி. இதை 7,700ஆல் வகுத்தால் ஏறக்குறைய 170 கிராம் வருகிறது. கூடுதலாக உண்டது முழுவதும் கொழுப்பாக மாறினாலும், அன்று சேரக்கூடிய கொழுப்பு அவ்வளவுதான். நிறுவை ஒன்றரை கிலோகிராம் கூடியிருப்பதாகக் காட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மற்ற ஆறு நாள்களும் அவர் வழக்கம்போல் உண்டிருந்தால், அந்நாள்களின் மிச்சம் 2,400 கிலோகலோரி. அதிலிருந்து 1,300ஐக் கழித்தால் இன்னும் 1,100 கிலோகலோரி மிச்சமாகவே இருக்கிறது. அதாவது, தீபாவளியும் கொண்டாடி, அந்த வாரம் அவர் சிறிதளவு எடையும் குறைந்திருக்கிறார். அவர் இழந்தது 1,700 கிலோகலோரி மிச்சம். நாளொன்றுக்கு 400 என்று கணக்கிட்டால், அவரது இலக்கு நான்கு நாள்களுக்குச் சற்று மேல் தள்ளிப்போகிறது. பல மாதங்கள் நீளும் முயற்சியில் நான்கு நாள் தாமதம் பெரிய இழப்பன்று.

இனி, அதே வாரம் வேறு வகையில் முடிந்தால் என்னவாகும் என்பதையும் பார்க்க வேண்டும். “கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே, திங்கட்கிழமை முதல் பார்த்துக்கொள்ளலாம்” என்று எண்ணி அவர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் அதே அளவு உண்கிறார். இப்போது நான்கு நாள்களில் தேவைக்கு மேல் உண்டது 5,200 கிலோகலோரி. முதல் மூன்று நாள்களின் மிச்சம் 1,200 மட்டுமே. வார முடிவில் 4,000 கிலோகலோரி கூடுதல். ஏறக்குறைய அரை கிலோகிராம் கொழுப்பு. இதைச் சரிசெய்ய அவருக்குப் பத்து நாள் கட்டுப்பாடு தேவைப்படும். இரண்டு வாரங்களிலும் தீபாவளி விருந்து ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்கியவை அதற்குப் பிந்திய மூன்று நாள்கள்.

சாண் என்ன, முழம் என்ன?

ஒரு நாள் தவறியவர் ஏன் மூன்று நாள் தவறுகிறார்? தமிழில் ஒரு பழமொழி உண்டு: ‘வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன?’ இனி எவ்வளவு கூடினால்தான் என்ன என்று கைவிட்டுவிடும் மனநிலையை இப்பழமொழி அப்படியே காட்டுகிறது. உளவியலாளர்களும் இம்மனநிலையை ஆராய்ந்துள்ளனர்.

1975ஆம் ஆண்டில் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் கல்லூரி மாணவிகள் கலந்துகொண்டனர். சுவையைப் பற்றிய சோதனை என்றே அவர்களிடம் கூறப்பட்டது. சிலருக்கு முதலில் எதுவும் தரப்படவில்லை. சிலருக்கு ஒரு குவளையும் சிலருக்கு இரண்டு குவளையும் ‘மில்க் ஷேக்’ தரப்பட்டது. பின்னர், அனைவருக்கும் பனிக்கூழ் வைக்கப்பட்டு, விரும்பிய அளவு உண்ணலாம் என்று சொல்லப்பட்டது. உணவில் கட்டுப்பாடு கடைப்பிடிக்காத மாணவிகள், மில்க் ஷேக் குடித்திருந்தால் பனிக்கூழைக் குறைவாக உண்டனர். வயிறு நிறைந்தால் குறைவாக உண்பது இயல்புதானே? ஆனால், உணவில் எப்போதும் கட்டுப்பாட்டோடு இருந்த மாணவிகளோ, மில்க் ஷேக் குடித்த பிறகு பனிக்கூழை மேலும் அதிகமாக உண்டனர்!

குடித்த மில்க் ஷேக்கால் அன்றைய கட்டுப்பாடு உடைந்துவிட்டதாக அவர்கள் கருதினர் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். கட்டுப்பாடு உடைந்த பிறகு அளவு பார்ப்பதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைதூக்குகிறது. பின்னர் ஜேனட் பாலிவி மேற்கொண்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உண்டது உண்மையில் எத்தனை கலோரி என்பதைக் காட்டிலும், ‘அதிகமாக உண்டுவிட்டேன்’ என்ற நம்பிக்கையே அவர்களை மேலும் உண்ண வைத்தது. ஆக, அளவு மீறிய உணவைவிட, அதைப் பற்றிய எண்ணமே அதிகக் கேடு செய்கிறது.

இவ்வெண்ணத்தின் பிழை எளிதில் புரியக்கூடியது. வெள்ளத்தில் மூழ்கியவனுக்குச் சாணும் முழமும் ஒன்றாக இருக்கலாம். உணவில் அப்படியன்று. மூன்றாவது அதிரசத்திற்கும் ஆறாவது அதிரசத்திற்கும் வேறுபாடு உண்டு. கைதவறி ஒரு தட்டு உடைந்துவிட்டால், அலமாரியில் உள்ள மற்றத் தட்டுகளையும் எவரும் எடுத்து உடைப்பதில்லை. அளவு மீறியதை உணர்ந்த அந்த நொடியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வேளை உணவிலேயே வழக்கத்திற்குத் திரும்பலாம். அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டினி பரிகாரமாகுமா?

சிலர் இதற்கு நேர்மாறான வழியை நாடுகின்றனர். விருந்தில் உண்டதற்குப் பரிகாரமாக மறுநாள் முழுவதும் பட்டினி கிடக்கின்றனர். பார்வைக்கு இது கணக்கைச் சரிசெய்வது போலத் தோன்றும். ஆனால், நடைமுறையில் அது பெரும்பாலும் வேறு விதமாகவே முடிகிறது. காலையும் மதியமும் உண்ணாதவர் மாலையில் கடும் பசியோடு வீடு திரும்புகிறார். அடுக்களையில் விருந்துப் பலகாரம் இன்னும் மீந்திருக்கிறது. அப்போது அவர் உண்பது, தவிர்த்த இரு வேளை உணவையும் மிஞ்சிவிடக்கூடும். அதன் பின் மீண்டும் குற்ற உணர்வு, மீண்டும் பட்டினி. இவ்வாறு ஒரு நாள் மீறல் ஒரு சுழலாக மாறுகிறது.

கடுமையான பட்டினி மனத்தை எப்படி மாற்றும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற புகழ்பெற்ற ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பர் மாதம், ஆன்சல் கீஸ் என்பவர் அதைத் தொடங்கினார். உடல்நலமிக்க 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து அதில் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்கு அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே தரப்பட்டது. நாளடைவில் அவர்கள் எந்நேரமும் உணவைப் பற்றியே நினைக்கலாயினர். சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். போதிய உணவு மீண்டும் கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னரும் நிறைவு ஏற்படாமல் பலர் அளவின்றி உண்டனர். ஒரு நாள் பட்டினி இவ்வளவு கடுமையானதன்று. எனினும், உணவை எவ்வளவு கடுமையாக மறுக்கிறோமோ, அவ்வளவுக்கு மனம் உணவையே நாடும் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

நீரிழிவுக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்குப் பட்டினி ஆபத்தானது. மருந்து எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென மிகவும் குறைந்துவிடலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளை உணவையும் தவிர்க்கக் கூடாது.

உடற்பயிற்சியைத் தண்டனையாக்குவதும் பயன் தராது. சராசரி எடையுள்ள பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 250 முதல் 300 கிலோகலோரி வரை செலவாகும். தீபாவளியன்று கூடுதலாக உண்ட 1,300 கிலோகலோரியை ஒரே நாளில் நடந்து தீர்க்க நான்கு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். பழக்கமில்லாதவர் அவ்வாறு நடந்தால் காலில் வலிதான் மிஞ்சும். அதன் பிறகு ஒரு வாரம் நடக்கவே மனம் வராது.

மறுநாள் செய்யத்தக்கவை

அப்படியானால் மறுநாள் என்ன செய்வது? விடை மிக எளிமையானது: விருந்துக்கு முன்பிருந்த வழக்கத்திற்கே திரும்ப வேண்டும். அதற்குத் துணைபுரியும் வழிகள் சில உள்ளன.

பசி எடுத்ததும் அளவான உணவோடு நாளைத் தொடங்கலாம். முன்பு உண்டது செரித்த பின், அளவறிந்து உண்ணுமாறு திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். காலையில் பசியே இல்லையெனில் சற்றுத் தாமதித்து உண்பதில் தவறில்லை. ஆனால், தண்டனையாக உணவைத் தவிர்ப்பது வேறு, பசிக்காகக் காத்திருப்பது வேறு.

தட்டை நிரப்பும்போது மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறையைப் பின்பற்றலாம். தட்டின் கால் பகுதியில் சோறு போன்ற மாவுச்சத்து உணவு, இன்னொரு கால் பகுதியில் மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரதம், எஞ்சிய அரைப் பகுதியில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். இம்முறையில் எதையும் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணளவே போதும். காய்கறியும் புரதமும் நீண்ட நேரம் பசியைத் தாங்கும்.

இனிப்புப் பானங்களுக்குப் பதிலாக வெறும் நீரை அருந்தலாம். விருந்தன்று பழச்சாறு, ‘சிராப்’, தே தாரிக் எனப் பல குவளைகள் கணக்கில்லாமல் உள்ளே சென்றிருக்கும். பானங்களில் உள்ள சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை. ஆற்றலை மட்டும் கூட்டுகிறது.

மீந்த பலகாரங்களைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கக் கூடாது. மேசை மேல் திறந்திருக்கும் முறுக்கு டின்னைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கை தானாக நீளும். அண்டை வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டால், விருந்தோம்பலும் தொடரும். மன உறுதியைச் சோதிக்கும் பொருளும் வீட்டில் இருக்காது.

வழக்கமாக நடப்பவர் வழக்கமான நேரமே நடக்கலாம். விருந்து நாள்களில் பலரும் இரவு நெடுநேரம் கண்விழிக்கின்றனர். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பின்மேல் நாட்டமும் கூடும். ஆகவே, அன்றிரவு நேரத்தோடு உறங்குவதும் இம்முயற்சியின் ஒரு பகுதியே.

எடையைப் பார்க்க ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, காலையில், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வைப்பது நல்லது. ஒரு நாள் எண்ணைக் காட்டிலும், நான்கைந்து வாரங்களின் போக்கே உண்மையைச் சொல்லும்.

அடுத்த விருந்துக்கு முன்பு

முன்கூட்டியே திட்டமிட்டால் மீறலின் அளவையும் குறைக்கலாம். விருந்துக்குச் செல்லும் முன் வீட்டில் சிறிதளவு உண்டு சென்றால் கடும் பசியில் தட்டு நிறையாது. உணவு மேசையை முழுவதும் ஒருமுறை பார்த்துவிட்டு, உண்மையிலேயே விரும்புவதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பாட்டி சுடும் அதிரசத்தைச் சுவைத்து உண்பதில் தவறில்லை. எந்தக் கடையிலும் எந்நாளும் கிடைக்கும் உருளைக்கிழங்கு வறுவலை விட்டுவிடலாம்.

உபசரிப்பவரின் மனம் நோகாமல் மறுப்பதும் ஒரு கலை. “இன்னும் ஒன்று எடுத்துக்கொள், தம்பி” என்று அத்தை வற்புறுத்தினால், “வயிறு நிறைந்துவிட்டது, அத்தை. அதிரசம் அருமை! வீட்டிற்கு இரண்டு கொடுங்கள், நாளைக்குச் சாப்பிடுகிறேன்” என்று சொல்லலாம். உபசரிப்பவரும் இதில் உதவ வேண்டும். “உடம்பைக் குறைக்கிறேன்” என்று சொல்பவரிடம் “ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?” என்று திணிப்பது அன்பாகாது. அதேபோல், ஒருவர் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும்போது, “நீ எடை குறைக்கவில்லையா?” என்று பலர் முன்னிலையில் கேலி செய்வதும் கூடாது. வெட்கப்படுத்தப்பட்டவர் பலர் தனிமையில் அதிகமாக உண்கின்றனர்.

எப்போதாவதா, அடிக்கடியா?

ஒரு நாள் மீறல் பெரிய கேடன்று என்பது உண்மை. ஆனால், அந்த ‘ஒரு நாள்’ மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 195 பெரியவர்களின் எடை தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்டது. ஆண்டிறுதி விழாக் காலத்தில் அவர்களின் எடை சராசரியாக 0.37 கிலோகிராம் மட்டுமே கூடியிருந்தது. அவர்களோ அதைவிடப் பல மடங்கு கூடிவிட்டதாக எண்ணியிருந்தனர். இது ஆறுதலான செய்தி. ஆனால், அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விழாக் காலத்தில் கூடிய அந்தச் சிறு எடை, அடுத்து வந்த மாதங்களில் குறையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறு சிறிது சிறிதாகச் சேர்வதே பத்து, இருபது ஆண்டுகளில் பெரும் சுமையாகிறது. மறுநாளே வழக்கத்திற்குத் திரும்புவது ஏன் இன்றியமையாதது என்பதை இது விளக்குகிறது.

வேறொரு நிலையையும் பிரித்தறிய வேண்டும். விருந்தில் உறவினரோடு மகிழ்ந்து அதிகமாக உண்பது ஒன்று. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், யாருக்கும் தெரியாமல், குறுகிய நேரத்தில் மிக அதிகமாக உண்டு, பின்னர் வெட்கத்தில் வருந்துவது வேறொன்று. இது வாரத்திற்கு ஒரு முறையேனும் மாதக்கணக்கில் நிகழ்ந்தால், அது உண்ணல் சார்ந்த நோயாக இருக்கலாம். உண்டதை வாந்தி எடுத்து வெளியேற்றுவதும் பேதி மருந்து உட்கொள்வதும் உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடியவை. இத்தகையவர்களை மன உறுதி அற்றவர்கள் என்று பழிப்பது தவறு. இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. பெற்றோர், பள்ளி ஆலோசக ஆசிரியர், மருத்துவர் ஆகியோரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறந்து பேசுவதே முதல் படி.

பதின்ம வயதினர் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களின் எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கான கலோரிக் கணக்கும் எடைக் குறியீடும் அவர்களுக்கு அப்படியே பொருந்தா. வயதையும் பாலினத்தையும் கருத்தில் கொண்டே அவர்களின் எடை மதிப்பிடப்படுகிறது. ஆகவே, நண்பர்களின் கேலிக்காகவோ சமூக ஊடகப் படங்களைப் பார்த்தோ தாமாக உணவைக் குறைக்கக் கூடாது. எடையைக் குறைக்கத்தான் வேண்டுமா, எவ்வாறு குறைப்பது என்பதை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ முடிவு செய்ய வேண்டும். இனிப்புப் பானங்களைக் குறைப்பது, நாள்தோறும் விளையாடுவது, போதிய நேரம் உறங்குவது ஆகியவற்றை எந்த மாணவரும் இன்றே தொடங்கலாம்.

எடையைக் குறைப்பது நெடுந்தூரப் பயணம் போன்றது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்குச் செல்பவர் வழியில் ஓரிடத்தில் பாதை தவறினால், வண்டியைத் திருப்பிச் சரியான சாலையில் சேர்வார். தவறியதற்காகக் கோலாலம்பூருக்கே திரும்பிச் செல்வதில்லை. இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகத்தை மீறி ஓட்டுவதும் அறிவுடைமையன்று. விருந்தும் உறவும் வாழ்வின் ஒரு பகுதி, உடல்நலமும் அவ்வாறே. ஒரு நாள் அளவு மீறியவர் அடுத்த வேளை உணவில் அமைதியாகத் தம் வழக்கத்திற்குத் திரும்பினால், இரண்டையும் இழக்காமல் வாழலாம்.